பிசுபிசுத்த படகு

அரால்டைட் வாங்காத வீடு உண்டா? கைப்பிடி கழன்ற பீங்கான் கோப்பை, மூக்கு உடைந்த கொலு பொம்மை, குதிகால் பிய்ந்த செருப்பு, எல்லாவற்றுக்கும் அதுதான் வைத்தியம். இரண்டு குழாயிலிருந்தும் சரிசமமாகப் பிதுக்கி, தீக்குச்சியால் குழைத்துத் தடவி, அசையாமல் வைத்துவிட்டுப் படுக்கப் போவோம். காலையில் பார்த்தால் சில சமயம் கல் மாதிரி இருக்கும். சில சமயம், "ஐயோ, இன்னும் பிசுபிசுங்கறதே!" என்று விரலை முந்தானையில் துடைத்துக்கொள்வோம். கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரைத் திட்டுவோம்.

பாவம் அந்தக் கடைக்காரர். தப்பு பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. இதைக் கற்றுக்கொள்ள நான் அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியிருந்தது!

போன வருஷம் மே மாதம், பேரனின் முதல் பிறந்த நாளுக்காக மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே கார் நம்பர் பலகையிலேயே 'பத்தாயிரம் ஏரிகள்' என்று அச்சடித்திருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க ஏரி உறைந்து கிடக்கும். ஏப்ரலில் பனிக்கட்டி உடைந்ததோ இல்லையோ, ஊரே படகைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். மாப்பிள்ளைக்கும் அந்தக் காற்று அடித்துவிட்டது. ஆனால் அவர் படகை வாங்கவில்லை. வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையில் அவரே ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். கயாக் என்று பெயர். ஒருவர் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இலை வைத்த ஒற்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போகிற ஒல்லிப் படகு. நீளம் பதினேழு அடி. முடிந்த பிறகு எடை இருபது கிலோதான் இருக்குமாம். நம் அரிசி மூட்டையைவிடக் குறைவு!

கயாக் வடதுருவத்துப் பக்கத்து மக்களின் படகு. மரம் கிடைக்காத ஊர் அது. கரையில் ஒதுங்கிய கட்டைகளைச் சட்டமாகக் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்துவார்கள். சட்டம் கட்டுவது ஆண்கள். தோலைத் தைப்பது பெண்கள். மிருகத்தின் தசைநார்தான் நூல். ஊசி தோலை முழுக்கத் துளைத்து மறுபக்கம் வந்துவிடாதபடி, பாதிக் கனத்திலேயே ஓட்டி இரட்டைத் தையல் போடுவார்களாம். துளை விழுந்தால் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரில் விழுந்தவன் பிழைப்பது அரிது. வீட்டுக்காரன் வேட்டையிலிருந்து உயிரோடு திரும்புவது இவள் தையலில் இருந்தது. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தப் படகின்மேல் ஒரு தனி மரியாதை வந்துவிட்டது.

மாப்பிள்ளை செய்ததும் தையல் படகுதான். தோலுக்குப் பதில் நாலு மில்லிமீட்டர் கனத்துக்கு மெல்லிய பிளைவுட். துணி வெட்டுகிற மாதிரி அளவாக வெட்டிய பலகைகளை, ஓரத்தில் துளை போட்டுச் செம்புக் கம்பியால் தைத்து இழுத்தால் படகு உருவம் வந்துவிடுகிறது. 1960-களில் இங்கிலாந்தில் பிரபலமான முறை இது. 'டெய்லி மிரர்' பத்திரிகை ஆதரவோடு வந்த மிரர் என்ற சின்னப் பாய்மரப் படகை, தச்சு வேலை தெரியாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டிலேயே தைத்துச் செய்தன. படகைத் தைப்பது நமக்கும் புதிதல்ல. நம் சோழமண்டலக் கரையில் மசூலாப் படகுகளின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துத்தான் அலையில் இறக்கினார்கள்.

தைத்தாகிவிட்டது. இனி ஒட்ட வேண்டும். இங்கேதான் நம் அரால்டைட்டின் அண்ணன் வருகிறார், எபாக்ஸி. டப்பா டப்பாவாக. ரெசின் ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பா. இரண்டையும் கலந்து, மரத்தூள் சேர்த்து வடை மாவு பதத்துக்குக் குழைத்து உள் மூலைகளில் பூச வேண்டும். அது இறுகினபின் கம்பியை உருவிவிட்டு, படகின் வெளிப்புறம் முழுக்கக் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, அதன்மேல் எபாக்ஸியை ஊற்றித் தடவினால் துணி கண்ணாடி மாதிரித் தெளிந்து மரத்தோடு மரமாகிவிடும்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி மாப்பிள்ளை துணி போர்த்தினார். வெளியே நல்ல குளிர். கொட்டகைக்குள் பன்னிரண்டு டிகிரி இருந்தால் அதிகம். மூக்கிலிருந்து ஆரம்பித்து வாலை நோக்கிப் பூசிக்கொண்டே வந்தார். அவர் வாங்கிய சரக்குக்கு ரெசின் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு. டப்பாவின் தலையில் அமுக்குகிற பம்பு இருக்கிறது. இதில் இரண்டு அமுக்கு, அதில் ஒரு அமுக்கு. பாதிப் படகு முடிந்தபோது மணி பத்து. குளிர் ஏறிவிட்டது. "இந்தக் குளிர்ல இறுகாதே" என்று அவராக நினைத்துக்கொண்டு, பின்பாதிக்கு மட்டும் ஹார்டனரை ஒன்றரை அமுக்காக விட்டிருக்கிறார்.

காலையில் போய்ப் பார்த்தால் முன்பாதி இறுகியிருக்கிறது. பின்பாதி, ஈக்கள் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத வெல்லப்பாகு! மனுஷர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆறு மாத உழைப்பு. "அத்தை, மேல இன்னொரு கோட் சரியா கலந்து அடிச்சுட்டா கீழ இருக்கறதும் சேர்ந்து இறுகிடும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சாமான் வாங்கக் கடைக்குப் போய்விட்டார்.

அவர் திரும்புவதற்குள் அடுத்த தெருக்காரர் ஒருவர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாதிரிப் படகு மூன்று செய்தவர். விரல் நகத்தால் இங்கே அங்கே அழுத்திப் பார்த்தார். மாப்பிள்ளை வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "புதிதாக எதையும் இதன்மேல் ஊற்றாதீர்கள்" என்பதுதான்.

ஏன் என்று நான் துருவித் துருவிக் கேட்டேன். அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ரெசின் என்பது போட்ட இலை. ஹார்டனர் என்பது சாப்பிட வந்தவர். இலைக்கு ஒருவர் உட்கார்ந்தால் பந்தி நிறைந்தது. வந்தவர்கள் அதிகமானால் பந்தி சீக்கிரம் முடியுமா? மிச்சப் பேர் இலையில்லாமல் நடுவில் நின்றுகொண்டு இடைஞ்சல்தான் செய்வார்கள். அப்படி நிற்கிற ஹார்டனர்தான் பிசுபிசுப்பு. அதற்கு இனி இலை கிடைக்கப் போவதில்லை. வாரக்கணக்கில் காத்திருந்தாலும் அது இறுகாது. அதன்மேல் நல்ல பூச்சு பூசினால் மேலே கல், கீழே களி. ஏரியில் இறக்கின பிறகு உரிந்துகொண்டு வரும்.

சில பாலியஸ்டர் பிசின்களில் கிரியா ஊக்கியைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாமாம். அதைப் பார்த்த பழக்கத்தில்தான் பலர் எபாக்ஸியிலும் கை வைத்துவிடுகிறார்கள். எபாக்ஸியைச் சீக்கிரம் இறுக வைக்க வேண்டுமானால் சூடு ஒன்றுதான் வழி. பத்து டிகிரி சூடு கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குளிர்காலத்துக்கென்று வேகமான ஹார்டனரும் தனியாக விற்கிறார்கள். பங்கு மட்டும் டப்பாவில் போட்டபடிதான். அந்தப் பங்கும் சரக்குக்குச் சரக்கு மாறும். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று. அளவிலா, எடையிலா என்பதையும் பார்க்க வேண்டும். ரெசின் கனம், ஹார்டனர் லேசு. தராசில் வைத்தால் கணக்கு மாறிவிடும். உழக்கால் அளக்கச் சொன்னதை நிறுத்துப் போட்டால் எந்தச் சமையல் உருப்படும்?

"ஆனால் உடனே சுரண்டவும் வேண்டாம்" என்றார் அந்தப் பெரியவர். வெறும் குளிரால் தாமதமாகிறதா, கலவையே தப்பா என்று முதலில் தெரிய வேண்டும். படகின்மேல் பிளாஸ்டிக் விரிப்பால் கூடாரம் கட்டி, உள்ளே மின்சார ஹீட்டர் வைத்து இருபத்தைந்து டிகிரியில் இரண்டு நாள் வைக்கச் சொன்னார். மண்ணெண்ணெய், காஸ் அடுப்பு மாதிரி எதுவும் கூடாதென்று கண்டிப்பாகச் சொன்னார். அது எரியும்போது வருகிற ஈரமும் கரியமில வாயுவும் எபாக்ஸியைக் கெடுக்குமாம். மூடிய கொட்டகையில் மனுஷனுக்கும் ஆபத்து. இரண்டு நாள் கழித்து முன்பாதியில் நகம் இறங்கவில்லை. பின்பாதி அப்படியே வெல்லப்பாகு. கலவைத் தப்பு என்று தீர்ந்தது.

பின்பாதியை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? தலைமுடி உலர்த்துகிற கருவிக்கு முரட்டு அண்ணன் மாதிரி, சூட்டுக் காற்று ஊதுகிற கருவி ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே ஊதினால் எபாக்ஸி இளகிவிடுகிறது. நன்றாக இறுகினதே அறுபது டிகிரியைத் தாண்டினால் நெகிழ ஆரம்பிக்குமாம், இது எம்மாத்திரம்! துணியின் ஒரு ஓரத்தைச் சுரண்டியால் நெம்பி இழுத்தார்கள். வாழைப்பட்டை உரிகிற மாதிரி நீள நீளமாக வந்தது. புகை வருகிற அளவுக்குக் காய்ச்சக் கூடாது, அந்தப் புகை விஷம். கொட்டகைக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. இரண்டு பேரும் வடிகட்டி வைத்த முகமூடியும் கையுறையும் போட்டிருந்தார்கள். மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தைச் சுரண்டி, சூட்டுக் கருவியை அணைத்து வெகுநேரம் ஆனபிறகு அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்தார்கள். நகப்பூச்சு அழிக்கிற அதே அசிட்டோன்தான். நெருப்பென்றால் அதற்குக் கொண்டாட்டம். அதனால்தான் இரண்டையும் ஒரே வேளையில் எடுக்கவில்லை. கடைசியில் 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தார்கள். தேய்த்த தூள் உலர்ந்த மாவாகப் பறந்தால் சுத்தமாகிவிட்டது. தாளில் சப்பாத்தி மாவு மாதிரி உருண்டு ஒட்டினால் இன்னும் பச்சை எபாக்ஸி இருக்கிறது. இதுதான் அடையாளம்.

ஒரு வாரம் பிடித்தது இத்தனைக்கும். ஆனால் பலகை ஒன்றுகூடக் கெடவில்லை. மாப்பிள்ளை முகத்தில் மறுபடி ஈ ஆடியது.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மாப்பிள்ளை கடைக்குப் போய், பெரியவர் இன்னும் வராத அந்த ஒரு மணி நேரத்தில், குழந்தை தூங்குகிறதே என்று என் பெண் கொட்டகைக்குப் போயிருக்கிறாள். புருஷன் வாடிப்போயிருக்கிறாரே, நம்மால் ஆனதைச் செய்வோம் என்று, உப்புத்தாளை எடுத்துப் பிசுபிசுத்த இடத்தைத் தேய்த்திருக்கிறாள். கையுறை அவர் அளவுக்கு வாங்கியது, இவளுக்குத் தொளதொளவென்று இருக்கும், போடவில்லை. முகமூடி இல்லை. கையில் ஒட்டினதை அங்கேயே இருந்த அசிட்டோனால் துடைத்துவிட்டு, சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு குழந்தைக்குக் கஞ்சி கிண்ட வந்துவிட்டாள். என் கண்ணெதிரில்தான் வந்தாள். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டு இமையும் பணியாரமாக வீங்கிவிட்டன. மணிக்கட்டில், விரல் இடுக்கில் சிவந்து சின்னச் சின்னக் கொப்புளம், ஒரே அரிப்பு. "ஏதாவது சாப்பாடு ஒத்துக்கலையோ" என்று நான் என் புத்தியின்படி மிளகு ரசம் வைத்தேன்!

தோல் டாக்டர் முதல் கேள்வியாக, "வீட்டில் என்ன வேலை நடக்கிறது?" என்றுதான் கேட்டார். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. குளிர்காலத்தில் மூலைகளுக்கு மாவு பூசும்போதும் இவள் வெறும் கையால் உதவியிருக்கிறாள். அப்போதே விரல் இடுக்கில் அரித்திருக்கிறது. "பாத்திரம் தேய்க்கற சோப்பாலேன்னு நெனச்சேம்மா" என்றாள். நாம் எல்லாரும் அப்படித்தானே நினைப்போம்? வீங்கினது வடிந்த பிறகு முதுகில் சின்னச் சின்ன மருந்துப் பட்டைகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, இன்னும் சில நாள் கழித்து மறுபடி பார்த்தார்கள். எபாக்ஸி ரெசின் ஒட்டிய இடம் சிவந்து தடித்திருந்தது.

டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். இறுகாத எபாக்ஸி தோலில் படப்பட, உடம்பு அதை விரோதி என்று பதிந்து வைத்துக்கொள்கிறது. முதல் தடவை ஒன்றும் ஆகாது. பத்தாவது தடவையும் ஆகாமல் போகலாம். சிலருக்குச் சில தடவையிலேயே பதிந்துவிடும். யாருக்கு எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பதிந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. அப்புறம் ஒரு துளி பட்டாலும், சிலருக்குத் தூள் காற்றில் பறந்து முகத்தில் பட்டாலும்கூட, ஓரிரண்டு நாளில் வீங்கும். உடனே வராமல் இரண்டு நாள் கழித்து வருவதால்தான் நமக்குக் காரணம் பிடிபடுவதில்லை. கண் இமைத் தோல் மெல்லிசு, அங்கேதான் முதலில் காட்டும். பாதி இறுகினதைத் தேய்த்த தூள்தான் இருப்பதிலேயே மோசமாம். அசிட்டோனால் கையைத் துடைத்தது இன்னொரு தப்பு. அது தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்து, விஷயத்தை உள்ளே போகவிடுகிறது. தோலில் பட்டால் உடனே காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும்.

மரத்தில் செய்த தப்பை ஒரு வாரத்தில் உரித்து எடுத்தாயிற்று. என் பெண்ணின் தோலில் பதிந்ததை உரிக்க வழியில்லை.

"படகுதானே, நாங்கள் யார் செய்யப் போகிறோம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. ஒழுகுகிற குழாய்க்கு எம்-சீல் பிசைகிறோமே, அது எபாக்ஸி. நான் முப்பது வருஷமாக வெறும் விரலால்தான் பிசைந்திருக்கிறேன். மேலே எச்சில்கூடத் தொட்டு வழித்திருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இப்போது வீட்டுக்கு வீடு இளம் பெண்கள் ரெசின் ஆர்ட் என்று தட்டு, சாவிக்கொத்து, கடிகாரம் எல்லாம் செய்து விற்கிறார்கள். கல்யாண மாலையைக் கண்ணாடி மாதிரிப் பதித்துக் கொடுக்கிறார்கள். மிக அழகாகத்தான் இருக்கிறது, குடும்பத்துக்கு நாலு காசும் வருகிறது. அதுவும் பெரும்பாலும் இதே எபாக்ஸிதான். சமையலறை மேஜையில், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஊற்றுகிற படங்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் பகீரென்கிறது. செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. நைட்ரைல் கையுறை உங்கள் கை அளவுக்கு வாங்குங்கள். கிழிந்தால், பிசுபிசுத்தால் உடனே மாற்றுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான தனி இடத்தில் செய்யுங்கள். அந்தத் துணியைக் குழந்தைத் துணியோடு ஊற வைக்காதீர்கள். தொட்டால் கெட்டியாகத் தோன்றினாலும் முழுக்க இறுகப் பல நாள் ஆகும், ஒரு வாரமாவது விட்டுத் தேயுங்கள், அதுவும் முகமூடி போட்டுக்கொண்டு. விரல் இடுக்கோ இமையோ அரித்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் போய், "எபாக்ஸி தொடுகிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள்.

மின்னசோட்டா வீட்டில் கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரே கதவு. பேரன் தவழ்ந்து அந்தக் கதவடியில்தான் போய் உட்காருவான். டாக்டர் வீட்டிலிருந்து வந்த அன்றே கதவின் அடி இடுக்கை அடைத்து, மேலே தாழ்ப்பாள் போட்டார் மாப்பிள்ளை. கொட்டகைத் துணியோடு உள்ளே வருவதில்லை. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. மிச்சமான எபாக்ஸியைக் கோப்பையோடு குப்பைக் கூடையில் போடுவது அவர் வழக்கம். ஆழமான கோப்பையில் மொத்தமாக இருந்தால் அது தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும், பிளாஸ்டிக் கோப்பை உருகிவிடும். ஒரு நாள் கூடையிலிருந்து புகை வந்து பயந்திருக்கிறார்கள், காரணம் தெரியாமல்! மிச்சத்தை அகலமான தட்டில் பரப்பி வெளியே வைத்து, இறுகி ஆறின பிறகுதான் குப்பையில் போட வேண்டும்.

முன்பாதியில் இருந்த சின்னத் தப்புகளையும் பெரியவரே சொல்லிக் கொடுத்துச் சரி பண்ண வைத்தார். நான் தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். மேலே மெழுகு தடவினாற்போல ஒரு வழவழப்பு இருந்தது. குளிரிலும் ஈரக் காற்றிலும் இறுகினால் ஹார்டனரிலிருந்து அப்படி ஒரு படலம் மேலே வருமாம். அதன்மேல் எதைப் பூசினாலும் ஒட்டாது. ஆனால் அதற்கு வைத்தியம் வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும்தான்! கழுவித் துடைத்தபின்தான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் மெழுகைப் பரப்பினதாகிவிடும்.

ஒழுகி இறுகின சொட்டுகளை அவர் கூரான சுரண்டியால் சீவினார். "பூசின சில மணி நேரத்திலேயே, கெட்டியாகியும் ஆகாமலும் இருக்கும்போது சீவியிருந்தால் வெண்ணெயாக வந்திருக்கும்" என்றார். மைசூர்பாகை எப்போது துண்டு போடுவது என்று தெரிந்தவளுக்கு இது புரியாதா? ஆறவிட்டால் உளிதான் வேண்டும்.

மூக்கருகில் உள்ளங்கை அகலத்துக்குத் துணி மரத்தில் ஒட்டாமல் உப்பியிருந்தது. தட்டினால் காலிப் பானைச் சத்தம். இரண்டு ஓரத்திலும் ஊசித்துளை போட்டு, மருந்து ஏற்றுகிற சிரிஞ்சால் ஒரு துளை வழியாக எபாக்ஸியை ஏற்றினார்கள், மறு துளையில் எட்டிப் பார்க்கிற வரைக்கும். மேலே பிளாஸ்டிக் தாளை வைத்து மணல் பையை ஏற்றிவிட்டார்கள். மறுநாள் உப்பலைக் காணோம். வேறோர் இடத்தில் துணி எபாக்ஸியைக் குடிக்காமல் வெள்ளி நரை மாதிரி வெளுத்திருந்தது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, புடவைக் கிழிசலுக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி சுற்றி இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டிய துண்டை வைத்துப் பூசினார்கள். ஓரத்தைத் தேய்த்த பிறகு ஒட்டு எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை.

பின்பாதிக்குப் புதுத் துணி போர்த்தியது ஒரு சாயங்காலம். அதற்கும் காரணம் உண்டு. கொட்டகை சூடாகிக்கொண்டே போகிற காலை வேளையில் பூசினால், மரத்துக்குள் இருக்கிற காற்று விரிந்து வெளியே வரும், பூச்சில் ஊசிமுனைத் துளைகளாக விழும். சூடாக்கி வைத்திருந்து, ஹீட்டரை அணைத்து, மரம் ஆற ஆரம்பிக்கும்போது பூசினால் அது எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்தத் தடவை மாப்பிள்ளை அளந்ததைப் பார்க்க வேண்டுமே! முதலில் பம்பை இரண்டு தடவை அமுக்கிக் காற்றை வெளியேற்றினார். ஒவ்வொரு கலவைக்கும் காகிதத்தில் கோடு போட்டுக் கணக்கு வைத்துக்கொண்டார். கோப்பையின் அடியையும் பக்கத்தையும் வழித்து வழித்து முழுசாக இரண்டு நிமிஷம் கலக்கினார். அடியில் ஒட்டின மாவைக் கலக்காமல் ஊற்றினால் தோசையில் திட்டுத் திட்டாக வருமே, அதே கதைதான் இங்கேயும்.

என் பெண் ஜன்னலுக்கு உள்பக்கம் குழந்தையோடு நின்று பார்த்தாள். "அந்த மூலையில ஒண்ணு விட்டுப்போச்சு பாருங்க" என்று உள்ளேயிருந்தே சைகை காட்டினாள்.

ஒரு வாரம் இறுகவிட்டு, கழுவித் தேய்த்து, வார்னிஷ் நாலு பூச்சு அடித்தார். எபாக்ஸி வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிடும், அதனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற வார்னிஷ் கட்டாயம் வேண்டுமாம். முழுக்க இறுகின எபாக்ஸியால் பெண்ணுக்குத் தொந்தரவு வராது, படகில் தாராளமாக உட்காரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் முதல் நாள் அவள் உட்காரத் தயங்கினாள். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, பலகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஏறினாள். ஜூன் மாதத்திலும் தண்ணீர் ஜில்லென்றிருந்தது. கரையோரமாகவே ஒரு நூறு அடி போய்த் திரும்பினாள்.

போன வாரம் தொலைபேசியில் பேசினாள். இந்த வருஷம் ஏதோ பாறையில் உரசி அடியில் ஒரு கீறல் விழுந்துவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டுக்கு வெளியே மரத்தடியில் வைத்து ஒட்டுப் போடுகிறாராம். "நீ அந்தப் பக்கம் போகலையே?" என்றேன். "இல்லம்மா, நான் உள்ளதான் இருக்கேன். நீ எம்-சீல் பிசையறச்சே கையுறை போட்டுக்கறியா?" என்று திருப்பிக் கேட்டாள். போட்டுக்கொள்கிறேன். குழாயடியில் ஒரு பெட்டியே வாங்கி வைத்திருக்கிறேன்.